சாலையின் கனம் காணும் ரேடார்

தார்ச்சாலை ஒன்றின் மேற்பரப்பு எவ்வளவுதான் சமமாகவும் வழவழப்பாகவும் விளங்கினாலும், அதன் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிப்பது கண்ணுக்குப் புலப்படாத அதன் கனமே ஆகும். கனம் குறைந்த இடத்தில், லாரிச் சக்கரங்களின் பாரத்தால் தார் அடுக்கின் அடிப்புறம் மீண்டும் மீண்டும் வளைந்து, விரைவிலேயே விரிசல் கண்டுவிடும். எனவே, சாலையைத் துளைத்து உருளை வடிவான துண்டொன்றை வெட்டியெடுத்து, அளவுகோல் வைத்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கமாயிற்று. ஆனால் அத்துண்டு தானிருந்த இடத்தின் நிலையை மட்டுமே சொல்லும்; பத்தடி அப்பால் உள்ளதைச் சொல்லாது. துவாரத்தைச் செவ்வையாக அடைக்காவிடில், அதுவே மழைநீர் புகும் வழியுமாகும்.

இக்குறையைப் போக்க வந்ததே தரை ஊடுருவும் ரேடார். இதன் பூர்வோத்தரம் 1929-இல் ஆஸ்திரியாவில் வால்டர் ஸ்டெர்ன் என்பவர் பனியாற்றின் ஆழத்தை ரேடியோ அலைகளால் அளந்த முயற்சி வரை செல்கிறது. இன்று வண்டியிலிருந்து தரைக்குச் சற்று மேலே தொங்கவிடப்படும் கொம்பு வடிவ ஆண்டெனா, போக்குவரத்தின் வேகத்திலேயே சென்றுகொண்டு, மிகக் குறுகிய மின்காந்தத் துடிப்புகளைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பகுதி சாலையின் மேற்பரப்பிலும், இன்னொரு பகுதி தார் முடிந்து ஜல்லி தொடங்கும் எல்லையிலும் பிரதிபலித்துத் திரும்புகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை அலையின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் கனம் கிடைக்கும்.

அந்த வேகத்தை அறிவதில்தான் இம்முறையின் சூட்சுமமெல்லாம் அடங்கியிருக்கிறது. வெட்டவெளியில் ஒரு நானோ விநாடிக்கு 30 செ.மீ. செல்லும் அலை, தாருக்குள் அதன் மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலத்துக்குத் தக்கபடி தாமதப்படுகிறது. ஆகவே முதலில் சாலைமேல் ஓர் உலோகத் தகட்டை விரித்து, அலை முழுவதும் திரும்பும்போது அதன் வலிமை எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். வெறுஞ்சாலையிலிருந்து திரும்பும் வலிமையை அதனோடு ஒப்பிட்டதும் மாறிலி கிடைத்துவிடுகிறது. அது 6.25 என்று வந்தால், வேகம் நானோ விநாடிக்கு 12 செ.மீ.; இடைக்காலம் 2.5 நானோ விநாடியானால், கனம் 15 செ.மீ. சாலையே தன் வேகத்தைச் சொல்லிக் கொடுக்கும் இந்த உபாயம் உண்மையிலேயே அழகானது.

எனினும் மேற்பரப்பை வைத்து முழு அடுக்கையும் அனுமானிப்பதால், ஒரே சீராக இடப்பட்ட புதுச் சாலையில் இது காட்டும் துல்லியத்தை, ஒட்டுமேல் ஒட்டாகச் செப்பனிட்ட பழஞ்சாலையில் எதிர்பார்க்க இயலாது. ஈரமும் கணக்கைக் குலைக்கும். ஏனெனில் நீரின் மாறிலி ஏறக்குறைய 80. சிமெண்ட் சாலையிலோ, அடித்தளத்தின் இயல்பும் சிமெண்டை ஒத்திருந்தால் எல்லை தெளிவாகத் தோன்றாது. ஆதலால் சில இடங்களிலேனும் துண்டு வெட்டி ஒத்துப் பார்த்தல் அவசியம். புதுச் சாலைக்குப் பணம் வழங்குமுன், இக்கருவியை அதன் முழு நீளத்துக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் நியமத்தைப் பொறியாளர்கள் மேற்கொள்ள வேண்டும்.