தடித்த துணிக்கு எந்த மெஷின்?

கரங்கானிலோ பாடாங் செராயிலோ வீட்டில் ரவிக்கையும் பாவாடையும் தைத்து நாலு காசு பார்ப்பவர், மோட்டார் சைக்கிள் சீட் உறை, ஜீன்ஸ், கூடாரக் கான்வாஸ் என்று வேலையை விரித்தால் முதலில் முறிவது ஊசிதான். உடனே தொழிற்சாலை மெஷின் வாங்கச் சொல்லி யோசனை வரும். யோசனை சரியே, எந்த மெஷின் என்பதில்தான் கைக்காசு போகிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் ஜூக்கி டிடிஎல்-8700 போன்ற ஒற்றை ஊசி மெஷின் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போடும். சட்டைத் துணிக்கு அது அருமை. சீட் உறைக்கான ரெக்ஸினுக்கு அந்த வேகத்தால் பயனில்லை.

காரணம் துணி நகரும் விதம். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும் இழுக்கிறது. மேல்துணியை ஃபுட் அழுத்தித் தடுக்கிறது. ரெக்ஸின் ஃபுட்டில் ஒட்டிக்கொள்ளும். கீழே பஞ்சு, மேலே ரெக்ஸின் என்று சீட் உறை தைத்தால் முனைக்கு வரும்போது மேல்துண்டு மிஞ்சி நிற்கும், தையலும் நெருங்கிப்போகும். குஷன் கடைகளுக்கான வாக்கிங் ஃபுட் மெஷினில், உதாரணமாக ஜூக்கி டிஎன்யு-1541இல், ஊசி துணிக்குள் இருந்தபடியே துணியோடு சேர்ந்து நகரும். இரண்டு ஃபுட்டும் மாறி மாறி அடியெடுத்து வைக்கும். வேகம் 2,500தான். ஆனால் தையல் நீளம் 9 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். முழங்காலால் ஃபுட்டை 16 மில்லிமீட்டர் தூக்கலாம். ஜீன்ஸ் காலின் உள்பக்கத் தையல் பெரும்பாலும் நாலு அடுக்கு. கீழ்விளிம்பை இரண்டு முறை மடித்தால் அந்த இடம் பன்னிரண்டு அடுக்கு. அங்கேதான் இந்த உயரம் கைகொடுக்கும்.

பழைய கறுப்பு சிங்கர் போதாதா என்று கேட்கலாம். எப்போதாவது ஒரு ஜீன்ஸ் என்றால், கையால் சக்கரத்தைத் திருப்பித் தைக்கப் போதும். அதற்காகக் கடன் வாங்குவது வீண். டிடிஎல்-8700இலேயே தடித்த துணிக்கு ‘எச்’ ரகம் வருகிறதே என்பார்கள். ஜீன்ஸுக்கு அது சரி. அதுவும் கீழ்ப்பல்லை நம்பியதுதான் என்பதால் ரெக்ஸினில் அதே சிக்கல். வாக்கிங் ஃபுட்டின் விலை அதிகம் என்பது நியாயமான தயக்கம். பழையதாக வாங்கலாம், ஆனால் மோட்டாரைப் பாருங்கள்: தொழிற்சாலையிலிருந்து கழித்தது என்றால் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டாராக இருக்கலாம், சாதாரண வீட்டுக் கரண்டில் ஓடாது. கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே கரண்ட் தின்னும். செர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். வேகத்தையும் நன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். புது மெஷின் வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள், பட்டு ரவிக்கையில் வாக்கிங் ஃபுட்டின் பல் தடம் பதிந்துவிடும்.

வாங்கப் போகும்போது உங்கள் ரெக்ஸினையும் நூலையும் எடுத்துச் செல்லுங்கள். எட்டு மடிப்பு வைத்து மெதுவாகத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். தையல் தவறாமல் விழுந்த பிறகு விலை பேசுங்கள்.