சைக்கிள் மிதிச்சே கொள்ளிடம் பார்த்துட்டு வரலாமா?



பெரம்பலூர் டவுனிலும் அரியலூர் டவுனிலும் குழாயடியில் அடிக்கடி கேட்கிற பேச்சு: "இன்னைக்குக் கொள்ளிடம் தண்ணி வருமா?" இந்த இரண்டு ஊருக்கும் கொள்ளிடத்துத் தண்ணீர்தான் குழாய் வழியாகக் குடிக்க வருகிறது. ஆனால் அந்தக் கொள்ளிடத்தை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறோம்? பஸ்ஸில் பாலத்தைத் தாண்டியபோது எட்டிப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கரையில் நின்று, "இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போவுது?" என்று கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாம் ஊரை விட்டு வெளியே போகிற காரணங்களை எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன், கல்யாணம், சாவு, கோயில். எல்லாமே ஒரு வேலை அல்லது ஒரு கடமை. "சும்மா ஊர் பார்த்துட்டு வரேன்" என்று ஆண் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதையே பெண் சொன்னால், "பொம்பளைக்கு எதுக்கு ஊர் சுத்தற வேலை?" என்பார்கள். ஊர் பார்ப்பதும் ஒரு படிப்புதான். அந்தப் படிப்பை மிகக் குறைந்த செலவில் தருகிற வண்டி சைக்கிள். ரஞ்சன்குடியில் கிளம்பி, கொள்ளிடத்தைத் தாண்டி, தஞ்சாவூர் வரைக்கும் ஒரு குழு எப்படிச் சைக்கிளில் போய் வரலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

புதுக்கோட்டைப் பெண்கள் செய்து காட்டியது

"பொம்பளைங்க கூட்டமா சைக்கிள்ல போறதா? நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிப்போடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், கிராம நர்ஸ்கள் என்று பலரும் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தில் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலம் போனார்கள்.

இன்னொன்றையும் அவர் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனதால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுதான் பிடித்தும் போனது. சைக்கிள் வந்த பிறகு தண்ணீர் எடுக்கவும், பொருளைச் சந்தைக்குக் கொண்டு போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

உலக அளவில் பார்த்தாலும் இது புதுசு இல்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஆனி லண்டன்டெரி 1894-ல் சைக்கிளோடு உலகம் சுற்றக் கிளம்பினார். கடலைக் கப்பலில் கடந்து, 1895-ல் திரும்பி வந்தார். அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். நெதர்லாந்து நாட்டின் பெரும்பகுதி ரைன் நதியின் டெல்டாதான். தரை சமமாக இருப்பதால் அங்கே பாட்டிமார்கள்கூட ஆற்றங்கரை மேலே சைக்கிளில் போகிறார்கள். மக்கள் தொகையைவிட அங்கே சைக்கிள்தான் அதிகம். நம் காவிரி டெல்டாவும் அதே மாதிரி சமதரைதான். மிதிக்கிற காலுக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது.

பஸ் இலவசம்தானே, சைக்கிள் எதுக்கு?

நியாயமான கேள்வி. 2021-லிருந்து சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் பஸ் அதன் ஸ்டாப்பில்தான் நிற்கும். வாய்க்கால் மதகு பக்கத்திலோ, நாற்று நடுகிற வயல் ஓரத்திலோ நிற்காது. சைக்கிளில் போனால் நினைத்த இடத்தில் காலை ஊன்றி, "என்னக்கா, என்ன ரகம் நட்டிருக்கீங்க? நடவுக் கூலி என்ன தராங்க?" என்று கேட்கலாம். இன்னொன்று, வேனில் அழைத்துப் போகிற பார்வைப் பயணத்தில் எங்கே நிறுத்துவது என்று எங்களைப் போன்ற ஒருங்கிணைப்பாளர்கள் முடிவு செய்கிறோம். சைக்கிளில் நீங்களே முடிவு செய்வீர்கள்.

வழியும் தூரமும்

மொத்தம் சுமார் 90 கி.மீ. கேட்டால் மலைப்பாக இருக்கும். சாதாரண சைக்கிளில் நிதானமாக மிதித்தால் மணிக்கு 10 கி.மீ. போகலாம். நான்கு நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேர மிதிதான். களை எடுக்கிற வேலையைவிட இது கஷ்டம் இல்லை.

முதல் நாள், ரஞ்சன்குடியிலிருந்து பெரம்பலூர், சுமார் 17 கி.மீ. கிளம்புவதற்கு முன்னால் கோட்டை மேலே ஏறிப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுக்குக் கீழே இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டிய கோட்டை இது. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்காக இந்தப் பக்கத்தில் சண்டை போட்டார்கள். மேலே நின்று சுற்றிப் பார்த்தால் மானாவாரி நிலம், கிணறு, ஏரி. இங்கே மழை பெய்தால்தான் சோறு. இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நால்வழிச் சாலையில் ஏறாமல் சர்வீஸ் ரோட்டையும் ஊர்ச்சாலைகளையும் பிடித்துப் போங்கள்.

இரண்டாம் நாள், பெரம்பலூரிலிருந்து அரியலூர், சுமார் 32 கி.மீ. நீளமான நாள் இதுதான். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற நிலம் மெல்ல மாறி, சுண்ணாம்புக்கல் பூமி வரும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுதான் படிந்து சுண்ணாம்புக்கல் ஆனது. சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததும் அதனால்தான். அரியலூருக்குத் தெற்கே வாரணவாசியில் அரசின் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லாகிப் போன நத்தைகளையும் சிப்பிகளையும் மூன்றாம் நாள் போகும்போது அங்கே பார்க்கலாம்.

மூன்றாம் நாள், அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர். நடுவில் கரைவெட்டி ஏரிக்குத் திரும்புங்கள். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் இந்த ஏரிக்கு வருகிறது. ஆக, ஆறு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துவிடுவீர்கள். மழைக்காலம் முடிந்து தை, மாசி வரைக்கும் பறவைகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்தும் அதில் உண்டு. 2024 ஜனவரியில் இந்த ஏரிக்கு ராம்சார் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது.

நான்காம் நாள், திருமானூரிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித் திருவையாறு, அங்கிருந்து தஞ்சாவூர். பாலம் ஏறியதும் இறங்கி, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தே போங்கள். எவ்வளவு அகலமான ஆறு என்று அப்போதுதான் தெரியும். திருவையாற்றுக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் 13 கி.மீ. அந்த 13 கி.மீ.க்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுவீர்கள். ஊர்ப் பெயருக்கு அர்த்தம் மிதித்துப் போகிறவளுக்குத்தான் நன்றாகப் புரியும்.

அங்கே போய் என்ன தெரிஞ்சுக்கறது?

கர்நாடகத்தில் பிறக்கும் காவிரி மேட்டூர் அணையில் தேங்கி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடியது. டெல்டா வயலுக்குத் தண்ணீர் குறைந்துபோனது. அதைச் சரிசெய்யத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். இன்றைக்கும் காவிரி பாசனத்துக்கு ஓடுகிறது, மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக் கடலுக்குக் கொண்டு போகிறது. அதனால்தான் பல மாதம் மணலாகக் கிடக்கிற கொள்ளிடம், வெள்ளம் வந்தால் கரை தொட்டு ஓடுகிறது. அந்த மணலுக்கு அடியில் நிற்கிற ஊற்றுத் தண்ணீர்தான் நம் குழாயில் வருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பெண், கிராம சபையில் குடிநீரைப் பற்றியும் மணலைப் பற்றியும் பேச்சு வரும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாள்.

டெல்டாக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறப்பது தள்ளிப்போனால் அங்கே குறுவை போச்சு. நாம் வானத்தைப் பார்க்கிறோம், அவர்கள் அணையைப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து பேசினால் நிறையத் தெரியவரும்.

எப்போ போறது, எப்படித் தயாராவது?

பொங்கல் முடிந்து தை மாதம்தான் சரி. வெயில் தாழ்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், டெல்டாவில் சம்பா அறுவடையும் பார்க்கலாம்.

1. ஓட்டத் தெரியாதவர்கள்: நாற்பது வயதிலும் கற்கலாம். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி உட்காருங்கள். முதல் சில நாள் பெடலை மறந்துவிட்டு, காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். பேலன்ஸ் தானாக வரும். அப்புறம் பெடல். பார்வை சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும்.

2. சைக்கிள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் பல வீட்டில் சும்மா நிற்கிறது. அதுவே போதும். டயர், பிரேக், செயின் மூன்றையும் கடையில் காட்டிச் சரிசெய்யுங்கள். ஓட்டப் பழகியதும் சீட்டை ஏற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருந்தால் முட்டி வலிக்காது.

3. உடை: சுடிதார் வசதி. புடவை என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

4. பயிற்சி: ஒரு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், முதலில் 5 கி.மீ., பிறகு 10, பிறகு 20. சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

5. சாலை: விடிந்ததும் கிளம்பி, காலை 9 மணிக்குள் பெரும்பகுதி தூரத்தை முடியுங்கள். ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகள் அதிகம். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். இருட்டில் ஓட்ட வேண்டாம்.

6. ஆறு: கொள்ளிடத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. அணையில் திறந்த தண்ணீர் திடீரென்றும் வரும். கரையில் நின்று பாருங்கள், போதும்.

7. தங்குவது: இங்கேதான் கூட்டமைப்பின் பலம். வழியில் இருக்கிற ஊர்க் குழுக்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் வீட்டிலோ கூட்டமைப்புக் கட்டடத்திலோ தங்குங்கள். அடுத்த வருஷம் அவர்கள் நம் ஊருக்கு வரட்டும்.

8. பணம்: கடன் நிதியைத் தொட வேண்டாம். பத்துப் பேர் வாரம் 20 ரூபாய் தனியாகச் சேர்த்தால் 25 வாரத்தில் 5,000 ரூபாய். சாப்பாட்டுக்கும், திரும்பும்போது சைக்கிள்களை லோடு ஆட்டோவில் அனுப்புவதற்கும் உதவும். நீங்கள் பஸ்ஸில் திரும்பலாம்.

நான்கு நாள் முடியாதவர்கள் கடைசி இரண்டு நாள் பயணத்தை மட்டும் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் பக்கத்து ஏரி வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

வீட்டில் என்ன சொல்றது?

"எல்லாம் சரி மேடம், வீட்ல விடணுமே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. இரவு வெளியே தங்குவதுதான் பெரிய தடை. ஒவ்வொருத்தியும் தனியாக வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம். குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, போகிற தேதி, தங்குகிற இடம், போன் நம்பர் எல்லாவற்றையும் வீட்டாருக்குக் காட்டுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் வீடு வீடாகப் போய்ப் பேசட்டும். சமையலையும் ஆட்டையும் மாட்டையும் நான்கு நாள் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். கணவரோ மகனோ பார்த்துக்கொண்டால், அது அவர்களுக்கும் ஒரு படிப்புதான். வராத உறுப்பினர்கள், போகிறவர்கள் வீட்டு மாட்டுக்குத் தீனி வைத்தால் அவர்களும் இந்தப் பயணத்தில் பங்கு உள்ளவர்கள்தான்.

முன்பு "குழுக் கூட்டத்துக்குப் போறேன்" என்று சொல்லவே தயங்கினோம். இன்று பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசுகிறோம். அந்தத் தைரியம் வந்த மாதிரி இந்தத் தைரியமும் வரும். அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்வியைப் பேச்சுக்கு எடுங்கள். நம் குழுவில் எத்தனை பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்? எத்தனை பேர் கொள்ளிடத்தைப் பார்த்திருக்கிறோம்? வருகிற பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தைக்குள் அந்த இரண்டு எண்ணிக்கையும் கூட வேண்டும்.