சுழியம் காட்டும் கருவி சொல்வது என்ன?

கழிவுநீர்க் குழியிலோ செப்டிக் டேங்கிலோ இறங்கியவர் ‘விஷவாயு தாக்கி’ இறந்தார் என்று செய்தித்தாள்கள் ஒரே தொடரில் எழுதிவிட்டாலும், அந்த இருட்டுக்குள் இருக்கும் ஆபத்து ஒன்றல்ல. அழுகும் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் பிறக்கின்றன. அதே அழுகல் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. நீரை இறைக்கக் குழியின் விளிம்பில் வைக்கப்படும் டீசல் எஞ்சினின் புகையோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே இறங்குகிறது. இவற்றுள் மூக்குக்குத் தெரிவது ஹைட்ரஜன் சல்பைடு மட்டுமே. அழுகிய முட்டையின் நாற்றமாக மிகச் சிறிய அளவிலேயே உணரப்படும் அந்த வாயு, பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம் என்ற அளவை நெருங்கும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் போய்விட்டது என்று தொழிலாளி நிம்மதியடையும் வேளையில்தான் அவர் உயிர் பெரும் ஆபத்தில் இருக்கிறது.

மூக்கை நம்ப முடியாத இத்தகைய இடங்களுக்காகவே, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 36ஆம் பிரிவில், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்துமூலம் சான்றளித்த பிறகே தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஆளை இறக்க வேண்டும், இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு பூட்டிய இடைவாரும் அணிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. இச்சோதனைக்குப் பரவலாகப் பயன்படுவது, உள்ளங்கைக்குள் அடங்கும் நான்கு வாயு டிடெக்டர். தூய காற்றில் 20.9 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே இறங்கினாலும் 23.5க்கு மேலே ஏறினாலும் அது அலறும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10 பிபிஎம், கார்பன் மோனாக்சைடுக்கு 35 பிபிஎம் என்பவை வழக்கமான எச்சரிக்கை அளவுகள். நான்காவதாகிய எரிவாயுவின் எண்ணைத்தான் பலர் தவறாகப் படிக்கின்றனர். காற்றில் மீத்தேன் 5 விழுக்காட்டை எட்டினால் ஒரு பொறியில் தீப்பற்றும். ‘கீழ் வெடிப்பு எல்லை’ எனப்படும் இந்த அளவையே கருவி நூறாகக் கொள்வதால், திரையில் தோன்றும் 10 என்ற எண் காற்றில் அரை விழுக்காடு மீத்தேன் இருப்பதைக் குறிக்கிறதே அன்றிப் பத்து விழுக்காட்டை அன்று.

கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் அதனுள் இருக்கும் உணரிகளைத் தேர்ந்தெடுப்பதாகும்; ஏனெனில் ஓர் உணரி தான் அறிந்த வாயுவைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசாது. எரிவாயுவைச் சூடான மணியொன்றின் மேல் எரித்து அளக்கும் வினையூக்கி உணரிக்கு அவ்வாறு எரிக்கவே ஆக்சிஜன் தேவைப்படுவதால், ஆக்சிஜன் அற்றுப்போன தொட்டியில் மீத்தேன் நிறைந்திருந்தாலும் அது குறைத்தே காட்டும். மேலும், கருவியைப் பளபளப்பாக்கத் தெளிக்கும் சிலிக்கோன் மெருகே அந்த உணரியைக் கொன்றுவிடக் கூடும். இக்குறைகள் இல்லாத அகச்சிவப்பு உணரிக்கோ ஹைட்ரஜன் கண்ணிலேயே படுவதில்லை என்பதால், மின்கலங்கள் ஏற்றப்படும் அறைகளுக்கு அது உதவாது. குளிர்பதனக் கிடங்கில் கசியும் அமோனியாவையோ பெயின்ட் பட்டறையின் கரைப்பான் ஆவியையோ மேற்சொன்ன நான்கு வாயுக் கருவி சுவாசத்துக்குக் கேடான அளவில் காட்டாது. அவற்றுக்குத் தனி உணரிகள் வேண்டும். சுவரில் நிலையாகப் பொருத்துவதாயின், காற்றைவிடக் கனமான சமையல் எரிவாயுவுக்குத் தரையருகிலும், இலேசான மீத்தேனுக்குக் கூரையருகிலும் இடம் பார்க்க வேண்டும்.

தேர்வைவிடப் பராமரிப்பில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடையும் கார்பன் மோனாக்சைடையும் அளக்கும் மின்வேதி உணரிகள் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுபவை. ஓய்ந்த உணரி சுழியத்தைக் காட்டும், தூய காற்றிலுள்ள நல்ல உணரியும் அதே சுழியத்தைத்தான் காட்டும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறிய 1986 வரை வைத்திருந்த கேனரிப் பறவையிடம் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. செத்த பறவையை உயிருள்ளதென்று எவரும் கொள்ளமாட்டார். இரண்டு சுழியங்களையும் பிரித்தறிய ஒரே வழி, அளவு தெரிந்த வாயுவைச் சிறு உருளையிலிருந்து சில நொடிகள் கருவிக்குக் காட்டி, எண் ஏறுகிறதா, மணி ஒலிக்கிறதா என்று பார்ப்பதுதான். ‘பம்ப் டெஸ்ட்’ எனப்படும் இச்சோதனைக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் செய்ய வேண்டிய இது ஓரிரு நிமிட வேலை. இதில் தவறும் கருவியை எண்கள் பொருந்தும்படி முழுமையாகத் திருத்த வேண்டும், அதிலும் தவறினால் உணரியை மாற்ற வேண்டும். சோதனை வாயுவின் உருளைக்கும் காலாவதி நாள் உண்டு என்பதும், புகை சூழ்ந்த இடத்தில் நின்று கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மாசே சுழியமாகப் பதிவாகிவிடும் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகின்றன.

சோதித்த கருவியையும் மூடியின் விளிம்பில் ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வதால் பயனில்லை. வாயுக்கள் அடுக்கடுக்காகத் தங்கக் கூடியவை ஆதலால், நீண்ட குழாயைப் பொருத்தி மேலேயும் நடுவிலும் அடியிலும் காற்றை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். காற்று குழாயைக் கடந்து உணரியை எட்டவும், எண் ஏறி நிலைக்கவும் ஒவ்வொரு மட்டத்திலும் பொறுத்திருக்க வேண்டும். அவ்வாறு பார்த்த பின்னும், சேற்றில் கரைந்தும் சிறைப்பட்டும் கிடக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, இறங்கியவர் காலையோ மண்வெட்டியையோ வைத்த அந்த நொடியில் பொங்கி எழக் கூடும். ஆகவே, கருவி இறங்குபவரின் மார்பில், அவர் மூச்செடுக்கும் காற்றுக்கு அருகில், வேலை முடியும்வரை இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது அலறினால் உள்ளே இருப்பவர் உடனே ஏற வேண்டும். அவரால் ஏற இயலாவிட்டால், மேலே நிற்பவர் சுவாசக் கருவியின்றிக் குதிக்காமல் கயிற்றைக் கொண்டே தூக்க வேண்டும். அடைபட்ட இடங்களில் இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்திருக்கிறது.