லாபு மழையில் ஒரு கற்றாழைத் தொட்டி

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டியிருக்கிறது லாபு. பால்மரம் நின்ற தோட்டங்களில் இன்று செம்பனை. தோட்ட லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள் மறக்காமல் எடுத்துப்போகும் செடிகளில் சோற்றுக் கற்றாழையும் ஒன்று.

ஆனால் அதன் தாயகம் அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மலைகள். லாபு இருக்கும் தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பகுதியிலோ ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். மற்ற பல செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். கற்றாழை இரவில்தான் திறக்கும். அதனால் ஆவியாகிப் போகும் நீர் மிகக் குறைவு. இப்படிச் சிக்கனமாக வாழும் செடிக்குத் தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

விளைவு விசித்திரமானது. ஈரத்தில் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை துவளும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். இலையின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தாகத்தில் இலை மெலிந்து உட்புறம் சுருளும். அழுகலில் அடி கொழகொழவென்று பழுப்பாகும். அப்படியானால் செடியைப் பிடுங்கி, கெட்ட வேரை வெட்டி, காயவிட்டுப் புதிய மண்ணில் நடவேண்டும்.

இதற்கெல்லாம் முன், தொட்டியில் இருப்பது சோற்றுக் கற்றாழைதானா என்று பார்க்கவேண்டும். சோற்றுக் கற்றாழையின் இலையை ஒடித்தால் கண்ணாடிபோல் தெளிந்த சதை தெரியும், பூ மஞ்சள். இளஞ்செடியில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பது இயல்பே. புள்ளி நிறைந்து ஆரஞ்சுப் பூ பூத்தால் அது வேறொரு கற்றாழை. ஆனைக் கற்றாழையின் இலைக்குள் நாரே மிகுதி, நுனியில் ஊசி முள் நிற்கும். அதன் சாறு தோலில் பட்டால் அரிக்கும். ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் வடிந்தால் அது கள்ளி இனம். கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

உண்மையான சோற்றுக் கற்றாழையிலும் தோலுக்கு அடியில் மஞ்சள் சாறு உண்டு. அதிலுள்ள அலோயின் கடும் பேதியை உண்டாக்கும். மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் மலமிளக்கிகளில் கற்றாழையைச் சேர்ப்பதை 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடுத்தது. இலையை வெட்டிச் சாய்த்து வைத்து மஞ்சள் சாறு முழுதும் வடிந்தபின் கழுவிப் பயன்படுத்தவேண்டும். கர்ப்பிணிகள் உட்கொள்ளாமலிருப்பது நல்லது.

இனி நடும் மண். தோட்டத்துச் செம்மண் களிப்புள்ளது, ஈரத்தை விடாது. ஆற்று மணல், கரித்தூள், உடைந்த செங்கல் கலந்தால் நீர் விரைவாக இறங்கும். ஓட்டையுள்ள மண்தொட்டியே சிறந்தது. அடித்தட்டை எடுத்துவிடுவது வேருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது: தட்டில் தேங்கும் நீரில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். மழைச்சாரல் படாத, காலை வெயில் விழும் வாசல் ஓரம் போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக ஊற்றலாம்.

பக்கத்தில் முளைக்கும் கன்றுகளை வேரோடு பிரித்து, வெட்டுவாய் உலர மூன்று நான்கு நாள் நிழலில் வைத்து நடலாம். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.