கிராஸ் கம்பைலரும் அதன் பிழைகளும்

சி முதலிய மொழிகளில் எழுதிய நிரலைப் பொறி உணரும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். ஒரு பொறியில் நின்று வேறு வகைப் பொறிக்குரிய கட்டளைகளை ஆக்குவது கிராஸ் கம்பைலர் எனப்படும். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ராஸ்பெரி பை போன்ற சிறு பொறிகள் நினைவகமும் விரைவும் குறைந்தவை. ஆதலின், பெரிய நிரல்களை இன்டெல் வகைக் கணிப்பொறியில் ஆக்கி, ஆர்ம் வகையினதாகிய அச்சிறு பொறிக்கு அனுப்புதல் வழக்கம்.

இம்முறையில் நேரும் பிழைகள் பலவாயினும் பெரும்பாலனவற்றிற்கு மூலம் ஒன்றே: ஆக்கும் பொறிக்கு உரியதும் இயங்கும் பொறிக்கு உரியதும் தம்முள் மயங்குதல். இதனை அறியாதார், கருவிகள் அனைத்தையும் நீக்கி மீண்டும் நிறுவி நாட்களை வீணாக்குவர். பிழைச் செய்தியை ஊன்றி நோக்கின் மயக்கம் எவ்விடத்தது என்பது விளங்கும்.

‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என வரின், நிரல் வேறு வகைப் பொறிக்கு ஆக்கப்பட்டிருத்தல் கூடும். ‘ஃபைல்’ என்னும் கட்டளை அதன் வகையைக் காட்டும்.

கோப்பு கண்ணெதிரே இருக்கவும், ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்று பொறி கூறுவதுண்டு. இது பொய்யன்று. இல்லாதது அந்நிரலன்று, அதனை ஏற்றித் தொடங்குவதற்கென அதனுள் பெயர் குறிக்கப்பட்ட டைனமிக் லிங்கர் என்னும் துணைநிரலே. ‘ரீட்எல்ஃப்’ கட்டளையால் அப்பெயரை அறியலாம்.

‘ஜிலிப்சி 2.34 காணப்படவில்லை’ என்பது போன்ற செய்தி வரின், ஆக்கிய இடத்து லைப்ரரி புதியது, இயங்குமிடத்தது பழையது என்க. சிறு பொறியின் லைப்ரரிகளையும் ஹெடர் கோப்புகளையும் ஓர் அடைவிற் படியெடுத்து, அதனையே ‘சிஸ்ரூட்’ எனக் கம்பைலருக்குக் காட்டுதல் தக்க பரிகாரம்.

‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பது நுண்ணிய மயக்கம். முதல் ராஸ்பெரி பை ஆர்ம் ஆறாம் பதிப்பினது. டெபியன் தரும் ஆர்ம்எச்எஃப் கம்பைலரோ ஏழாம் பதிப்பிற்கு ஆக்குவது. குடி ஒன்றாயினும் தலைமுறை வேறு. ஆறாம் பதிப்பிற்கென அமைந்த கம்பைலரே ஈண்டு வேண்டும்.

பெரிய நிரலைத் தொடுமுன், ஒரு வரி மட்டும் அச்சிடும் சிறு நிரலை இருவகையாக ஆக்கிப் பார்த்தல் நலம்: லைப்ரரிகளைத் தன்னுள் அடக்கிய ‘ஸ்டாடிக்’ முறை ஒன்று; அவற்றைப் புறத்தே நாடும் ‘டைனமிக்’ முறை மற்றொன்று. முன்னையது ஓடிப் பின்னையது ஓடாதாயின், ஆராய வேண்டுவது கம்பைலரையன்று, லைப்ரரிகளையே.

ஆகவே, பிழை கண்டவிடத்து மனங்கலங்காது, ஒவ்வொரு கோப்பையும் நோக்கி, ‘இஃது எப்பொறிக்கு உரியது?’ என முதற்கண் வினவும் வழக்கத்தை மாணாக்கர் மேற்கொள்வாராக. அவ்வொரு வினா பல நாள் உழைப்பைக் காக்கும்.