ஜன்னலோரம் ஒரு முகம்

நடுப்பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து பூக்கட்டும் பாட்டியைப் படமெடுத்துப் பாருங்கள். வெளியே தெரு பளிச்சென்று விழும். பாட்டியின் முகம் இருட்டில் மூழ்கிவிடும். முகம் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டினாலோ, ஜன்னல் வெளுத்துத் தெருவே காணாமல் போகும்.

நம் கண் தெருவுக்கு ஒரு விதமாக, முகத்துக்கு வேறு விதமாக உடனுக்குடன் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு ஒரு ஷாட்டுக்கு ஓர் அளவுதான். உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வீட்டுக்குள் சில நூறு இருந்தாலே அதிகம்.

சினிமாவில் இந்த இடைவெளியை இரண்டு பக்கமிருந்தும் குறைக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் என்.டி. என்ற சாம்பல் நிற ஜெல் தாளை ஒட்டுவார்கள். 0.9 எண்ணுள்ள தாள், வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும்; நிறத்தை மாற்றாது. சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும். காற்றில் லேசாகப் படபடத்தாலும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். பிறகு உள்ளே எச்.எம்.ஐ. விளக்கு. பகல் வெளிச்சத்தைப் போலவே அதன் நிற வெப்பநிலையும் ஏறக்குறைய 5600 கெல்வின்.

ஆனால் விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் கலை இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடித்தால் முகம் தட்டையாகிவிடும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வரவில்லை என்பது, காரணம் சொல்லத் தெரியாத ரசிகருக்கும் உறுத்தும். எனவே விளக்கு ஜன்னல் பக்கத்திலேயே, ஃப்ரேமுக்கு வெளியே இருக்க வேண்டும். மறுபக்கக் கன்னத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை போதும். அந்தக் கன்னம் கொஞ்சம் இருண்டிருப்பதே அழகு. பகலில் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

‘பாரி லிண்டன்’ (1975) படத்தில் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் ஜன்னல்களில் டிரேசிங் தாளை ஒட்டி, வெளியிலிருந்து விளக்கடித்தார். அதற்கும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே, சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் (1956) ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா பகல் வெளிச்சத்தை உண்டாக்க ஒரு வழி கண்டிருந்தார். கதையில் வரும் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டியிருந்தது. திறந்த முற்றத்தில் வானத்து வெளிச்சம் நிழலில்லாமல் மெத்தென்று இறங்கும். ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழும். மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார்; விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியே வானமாயிற்று. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான்.

‘அபராஜிதோ’வைப் பார்க்கும்போது கதையோடு அந்த முற்றத்துச் சுவர்களையும் கவனியுங்கள். அது செட் என்று சொன்னால் நம்ப முடியாது.