வில்லை மெலிந்தால் சுவை கூடும்

நம் அடுப்படியில் தக்காளி இல்லாத நாளே இல்லை. ரசத்தில் பிசைகிறோம், குழம்பில் கரைக்கிறோம், தொக்கில் எண்ணெய் பிரியும் வரை வதக்குகிறோம். புளிப்பையும் நிறத்தையும் கொடுத்துவிட்டு அது கரைந்துபோகிறது. தக்காளியைத் தக்காளியாகவே ருசிக்க வேண்டுமானால், மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பாருங்கள்.

எந்தப் பழம்?

நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம். ரசத்துக்கு அதுதான் ராஜா. ஆனால் கத்தி பட்டதுமே விதையும் கூழும் வழிந்துவிடும். வில்லை போடுவதற்குச் சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளியே ஏற்றது. நன்றாகச் சிவந்து, அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பழமாகப் பார்த்து எடுங்கள்.

வாங்கியதை ஃப்ரிட்ஜில் அடுக்காதீர்கள். கடும் குளிர் தக்காளியின் மணத்தைக் குறைத்துவிடுகிறது என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் விளக்கினார்கள். மணம் தரும் சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்களே குளிரில் மந்தமாகிவிடுகின்றன. கூடையில், காற்றோட்டமாக வைத்தாலே போதும்.

கல்லில் நடப்பது

மெல்லிய வில்லையின் அருமை ஊத்தப்பத்தில் தெரியும். தக்காளியில் 94 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தடியாக நறுக்கிப் போட்டால் அந்தத் தண்ணீர் மாவில் இறங்கி, வில்லைக்கு அடியில் மாவு வேகாமல் பிசுபிசுக்கும். சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கினால் ஈரம் சீக்கிரம் வற்றும். புளிப்பும் இனிப்பும் செறிவாகும்.

மாவை ஊற்றியதும், மேற்புறம் ஈரமாக இருக்கும்போதே வில்லைகளைப் பதித்துவிட வேண்டும். மாவு இறுகிய பிறகு வைத்தால் திருப்பும்போது உதிர்ந்துவிடும். சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு, அடி சிவந்ததும் திருப்புங்கள். வில்லையின் ஓரம் லேசாகக் கருகும் வரை பொறுத்திருங்கள். அந்தக் கருகலில்தான் ருசி இருக்கிறது.

ரொட்டிக்கு நடுவில்

மும்பைத் தெருவோர சாண்ட்விச்சில் வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, வெங்காயத்தோடு தக்காளி வில்லையும் இருக்கும். ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய் தடவுவது ருசிக்காக மட்டுமல்ல. தக்காளியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுக்கிறது. அதன் மேல் பச்சைச் சட்னி, பிறகு காய்கள். உப்பைக் கடைசியில் தூவுவதும் இதே காரணத்துக்காகத்தான். முன்னதாகவே தூவினால் தக்காளி நீர் விட்டுவிடும்.

கத்தியும் கூழும்

மழுங்கிய கத்தி தோலை அறுக்காது, பழத்தை நசுக்கும். ரம்பப் பல் உள்ள கத்தியை அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்தால் மெல்லிய வில்லை விழும். காம்புப் பக்கத்தைப் பக்கவாட்டில் வைத்து, குறுக்காக நறுக்குங்கள்.

பலகையில் வழிந்த விதைக்கூழை வழித்து ரசத்தில் சேர்த்துவிடுங்கள். நாவுக்கு ருசி கூட்டும் குளுட்டமேட் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம்.

வில்லைகளை முன்கூட்டியே நறுக்கி வைக்க வேண்டாம். கல் காய்ந்த பிறகு கத்தியை எடுங்கள். அப்போதுதான் சாறும் மணமும் முழுதாக ஊத்தப்பத்தில் சேரும்.